வேலை நடக்கும் இடத்தில் உயிர்ப் பாதுகாப்பு

தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், கூடலூரைக் கடந்து குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் இருக்கிறது. பெரியாற்று அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் அங்கே 2013ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் திறக்கப்பெற்றது. ஜனவரி 15ஆம் நாள் அவருடைய பிறந்த நாள். பொங்கலோடு சேர்ந்து வரும் அந்நாளில் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் அங்குக் கூடிப் பொங்கலிடுகின்றனர். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இரு போகம் விளைவது அந்த அணையின் தண்ணீரால்தான். ஆகவே அந்த நன்றி நியாயமானதே.

மணிமண்டபத்தில் ஒருவருடைய உருவம் இருக்கிறது. மலைக்கு மேலே, அணைக்கு வடபுறத்தில், காட்டுக்குள் ஓர் இடுகாடும் இருக்கிறது. அணை வேலையின்போது நோயால் மாண்டவர்கள் அங்கே புதைக்கப்பெற்றனர். அவர்கள் தொகை 483 என்று கணக்கிடப்பட்டுள்ளது. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவர்களும், மலையில் நோயுற்றுத் தம் ஊருக்குத் திரும்பிய பின் இறந்தவர்களும் இந்தக் கணக்கில் அடங்குவார்கள் என்று எண்ண இடமில்லை.

இவர்களை நினைவூட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று நம் மாவட்டத்தில் எட்டு ஊராட்சி ஒன்றியங்களும் 130 கிராமப் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் பள்ளிக் கட்டடம், ஓரிடத்தில் வடிகால், ஓரிடத்தில் கண்மாய் மராமத்து, ஓரிடத்தில் கிணறு. இவற்றுள் ஒவ்வொன்றும் சிறிய வேலைதான். ஆனால் சாவு பெரிய வேலைக்கு மட்டுமே வரும் என்பதில்லை. ஐந்தடி வடிகால் குழியில் இறந்தவனும், 176 அடி உயர அணையில் இறந்தவனும், அவனவன் வீட்டுக்கு ஒரே அளவான இழப்புத்தான்.

காடும் காய்ச்சலும்

அணை வேலையின் சூழ்நிலையைச் சிறிது அறிந்துகொள்வோம். சென்னை அரசாங்கத்தின் சார்பில் இந்தியா மந்திரிக்கும் திருவாங்கூர் மகாராஜாவுக்கும் 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் உடன்படிக்கை ஆயிற்று. அடுத்த ஆண்டில் வேலை தொடங்கிற்று. மேற்கே ஓடும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பி, வைரவனாறு வழியாகச் சுருளியாற்றுக்கும், அங்கிருந்து வைகைக்கும் கொண்டுவருவது திட்டம். கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு 1,200 அடி நீளத்துக்கு அணை எழுந்தது. சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாளத்தாரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகேசியத் தச்சர்களும், ஆயிரக்கணக்கான கூலியாட்களும் அங்கே உழைத்தனர். ஆற்றைத் தற்காலிகமாகத் தடுத்த கரைகள் வெள்ளத்தில் மீண்டும் மீண்டும் அடித்துச் செல்லப்பட்டன. 1895ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். வேலையில் பங்குகொண்ட பொறியாளர் மெக்கன்சி 1899இல் எழுதி வெளியிட்ட திட்ட வரலாறு இன்றும் கிடைக்கிறது.

வெள்ளத்தைக் காட்டிலும் கொடிய பகையாக விளங்கியவை மலேரியாக் காய்ச்சலும் வாந்திபேதியும் ஆகும். மனித நடமாட்டமே இல்லாத காட்டில் திடீரென ஆயிரக்கணக்கானோர் குடிசையிட்டுத் தங்கினர். குடிப்பதும் குளிப்பதும் ஒரே நீர். தோண்டிய குழிகளிலெல்லாம் மழைநீர் தேங்கிற்று. காய்ச்சல் எதனால் வருகிறது என்பது அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்தின் ஆவியால் காய்ச்சல் வருகிறது என்றே மருத்துவர்களும் நம்பினர். 1880இல் லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அக்கிருமி கொசுவின் உடலில் வளர்கிறது என்பதைச் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள். அதாவது, பெரியாற்று அணை திறக்கப்பெற்று ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து!

ஆகவே காய்ச்சலால் இறந்தவர்களை முன்னிட்டு அணை கட்டியவர்களை நாம் குறைகூற முடியாது. வாந்திபேதியைப் பற்றி அப்படிச் சொல்லிவிட இயலாது. அது கெட்ட நீரால் பரவுகிறது என்பதை இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1854லேயே எடுத்துக் காட்டினார். 1884இல் ராபர்ட் காக் அதன் கிருமியைக் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தார். அறிவு இருந்தது, அது காட்டுக் குடிசை வரையில் வந்து சேரவில்லை. நம் காலத்து விபத்துகளுள் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதுதான் வருந்தத்தக்கது.

அறிவு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பனாமாக் கால்வாய் ஓர் எடுத்துக்காட்டு. 1881 முதல் 1889 வரை பிரெஞ்சுக்காரர்கள் அதனைத் தோண்டினர். ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. வேலை கைவிடப்பட்டது. பின்னர் அமெரிக்கர்கள் 1904 முதல் 1914 வரை தோண்டி முடித்தனர். அவர்களுடைய மருத்துவ அதிகாரி கார்கஸ் என்பவர் கொசுவே பகைவன் என்பதை அறிந்தவர். தேங்கிய நீரை வடித்தார். வடிக்க முடியாத நீரில் எண்ணெய் தெளித்தார். விடுதிகளின் சன்னல்களுக்குக் கம்பிவலை அடித்தார். மஞ்சட் காய்ச்சல் இரண்டாண்டுக்குள் ஒழிந்தது. மலேரியா வெகுவாகக் குறைந்தது. ஆயினும் அந்தப் பத்தாண்டில் 5,609 பேர் இறந்ததாகப் பதிவேடு சொல்கிறது. நோய் அடங்கிய பின்னும் வெடியும் மண்சரிவும் இரயில் வண்டியும் உயிரைக் கொண்டுபோயின. நோய்க்கு ஒரு காவல் என்றால் விபத்துக்கு வேறொரு காவல் வேண்டும்.

கொசுவின் கதை நமக்கு இன்றும் பழங்கதை ஆகிவிடவில்லை. கட்டடத்துக்குத் தண்ணீர் காட்டுவதற்காகத் தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் தேக்குகிறோம். சிமெண்டுத் தொட்டியிலும் பீப்பாயிலும் வாரக்கணக்கில் நீர் நிற்கிறது. மலேரியாவைப் பரப்பும் கொசுவும், டெங்குவைப் பரப்பும் கொசுவும் விரும்பித் தேடுவது இத்தகைய நன்னீரையே. முட்டை கொசுவாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் எல்லாத் தொட்டிகளையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் காயவிட்டால் போதும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒப்பந்தக்காரரிடம் கிழமையைக் குறித்துச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

மண் தோண்டும் வேலை

கிராமத்தில் நடைபெறும் பொது வேலைகளுள் மிகுதியானது மண் வேலை. மண்ணை நாம் பிறந்தது முதல் அறிவோம் என்ற நினைப்பே இவ்வேலையில் ஆபத்தாக முடிகிறது. ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ ஒன்றரை டன். ஈரமாயிருந்தால் அதற்கும் மேல். மார்பளவு மண் மூடினாலே மனிதனால் மூச்சை உள்ளே இழுக்க இயலாது. தலை வெளியே தெரிகிறதே, பிழைத்துக்கொள்வான் என்று எண்ணுவது தவறு.

ஒன்றரை மீட்டருக்கு, அதாவது ஐந்தடிக்கு மேல் ஆழம் போகும் எந்தக் குழிக்கும் பக்கச் சுவரைத் தாங்கும் பலகையும் குறுக்குக் கட்டையும் வேண்டும் என்பது பொறியாளர்கள் வகுத்துள்ள விதி. பலகை இல்லையென்றால், சுவரைச் செங்குத்தாக விடாமல் சரிவாக வெட்ட வேண்டும். இரண்டும் செய்யாமல் ஆளை இறக்கலாகாது. தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பது நம் ஊர்களில் பெருவழக்கு. அந்தக் குவியலின் பாரமே சுவரை உள்ளே தள்ளுகிறது. குவியல் விளிம்பிலிருந்து ஐந்தடியாவது தள்ளியிருக்க வேண்டும். டிராக்டரும் மண்வாரி இயந்திரமும் அதனினும் தள்ளி நிற்க வேண்டும்.

இதனை எழுதுபவர் ஒருமுறை ஓர் ஊரில் கழிவுநீர் வாய்க்கால் வெட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்தது. தெரு குறுகலானது. ஒரு புறம் பழைய மண் சுவர் வீடு. வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டியே குழி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருவர் மண்வெட்டியோடு குனிந்திருந்தனர். வேலை செய்தவர்களுள் வயது முதிர்ந்த ஒருவர், "இந்தச் சுவர் நேற்று இருந்த மாதிரி இல்லை, வெடிப்பு அகலமாகியிருக்கிறது" என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி முதலில் காதில் வாங்கவில்லை. பெரியவர் பேசாமல் மண்வெட்டியைச் சாத்திவிட்டு மேலே ஏறிவிட்டார். மற்றவனையும் கைபிடித்துத் தூக்கினார். பிற்பகலில் மழை பெய்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது சுவரின் ஒரு பகுதி குழிக்குள் கிடந்தது. அன்று அந்தப் பெரியவருக்கு அரைநாட் கூலி பிடிக்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாதுகாப்பைப் பற்றி எவ்வளவு எழுதினாலும், ஆபத்து என்று சொல்பவன் கூலி இழக்கும் வழக்கம் இருக்கும் வரையில் அது ஏட்டளவில்தான் நிற்கும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே என்பது எம் கருத்து.

கிணற்றுக்குள் இறங்குமுன்

ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர்ப் பகுதிகளில் பாறையைப் பிளந்து வெட்டிய பழைய கிணறுகள் மிகுதி. தூர் வாரவும், மோட்டாரைப் பழுது பார்க்கவும், விழுந்த ஆட்டை எடுக்கவும் மனிதர்கள் அவற்றுள் இறங்குகின்றனர். வெகுநாள் பயன்படாத கிணற்றில் இலை தழைகள் அழுகிக் கரியமிலவாயு உண்டாகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, அடியிலேயே தங்கிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு. அது பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் நினைவு தப்பும். ஆறு விழுக்காட்டுக்குக் கீழே போனால் சில நிமிடங்களில் உயிர் போகும். இறங்கியவனுக்கு மூச்சுத் திணறுவது கூடத் தெரியாமற் போகலாம். ஏணியிலிருந்து கை நழுவி விழுந்துவிடுகிறான்.

மேலே நிற்பவர்கள் அவன் கால் வழுக்கி விழுந்தான் என்று எண்ணுகின்றனர். தம்பி இறங்குகிறான், அவனும் எழவில்லை. மைத்துனன் இறங்குகிறான். ஒரே கிணற்றில் ஒரு குடும்பத்து ஆண்கள் மூவர் இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் அடிக்கடி படிக்கிறோம். முதல்வன் இறந்தது அறியாமையால். மற்றவர்கள் இறந்தது அன்பினால். ஆகவே இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும்: கிணற்றுக்குள் ஒருவன் மயங்கி விழுந்தால், இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளாமல், மேலே இழுக்க ஆளில்லாமல், காற்றைச் சுத்தப்படுத்தாமல் வேறொருவன் இறங்கலாகாது. தீயணைப்பு நிலையத்துக்கும் 108க்கும் உடனே சொல்லி அனுப்புவதே அவனுக்குச் செய்யும் உதவி.

விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய முறை. விளக்கு அணைந்தால் இறங்கலாகாது என்பது சரியே. விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்பது சரியன்று. பிராணவாயு போதிய அளவு இருந்தும் நச்சுவாயு கலந்திருக்கக் கூடும். வெடி வைத்த பின்னும், டீசல் எஞ்சினைக் கிணற்றுத் திட்டில் இறக்கி ஓட்டிய பின்னும் அங்கே கார்பன் மோனாக்சைடு தங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விளக்கையும் அது அணைக்காது. சாக்கடைக் கழிவில் உண்டாகும் வாயுவோ தீப்பற்றவும் செய்யும். அங்கே விளக்கை இறக்குவதே விபரீதம். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்து அசைப்பார்கள். அது காற்றை ஓரளவு கலக்கும், முற்றும் நம்புவதற்கில்லை. ஊதுவிசிறியும் நீண்ட குழாயும் கொண்டு அடிவரையில் காற்றைச் செலுத்துவதும், வாயு அளக்கும் கருவியை முன்னதாக இறக்கிப் பார்ப்பதும், இடுப்பு வாரோடு ஆளை இறக்குவதுமே தக்க முறை. நான்கைந்து பஞ்சாயத்துகள் சேர்ந்து ஓர் ஊதுவிசிறியும் கயிறும் வாரும் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வதில் இயலாதது ஒன்றுமில்லை.

வெடி வைப்பது உரிமம் பெற்றவரின் வேலை. அதனைக் கற்றுக்கொண்டதாகச் சொல்லும் உள்ளூர்க்காரரிடம் விடலாகாது. தோட்டா வெடிக்கவில்லை என்றால் குறைந்தது அரைமணி நேரம் எவரும் அருகே செல்லக்கூடாது. பழைய துளையிலேயே மறுபடி கம்பியை நுழைப்பது எமனை எழுப்புவதற்கு ஒப்பாகும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனை இறக்குவது விஷயத்தில் முன்னெச்சரிக்கை பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20ஆம் நாள் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இயந்திர வண்டியை அழைக்கும் வாடகையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சாரமும் தொட்டியும்

கட்டட வேலையில் மனிதர் இறப்பதற்கு முதற்காரணம் விழுதல். கொத்தனாரும் நிமிந்தாளும் சித்தாளும் சாரத்தின் மேல் ஒரே பலகையில் நடப்பதை எங்கும் காணலாம். சவுக்குக் கம்பு நல்ல கம்புதான். ஆனால் கட்டிய கயிறு வெயிலில் நைந்துவிடுகிறது. சாரத்தை நாள்தோறும் காலையில் ஒருவர் பார்த்த பின்னரே ஏற வேண்டும். பலகைகள் குறைந்தது இரண்டு மூன்று அடுத்தடுத்துப் பொருந்தியிருக்கவும், இடுப்பளவில் தடுப்புக் கம்பு ஒன்று இருக்கவும் வேண்டும். ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியில் தள்ளி வைத்தால் வழுக்காது. அதன் தலை, ஏறும் தளத்துக்கு மேல் மூன்றடி நீண்டிருந்தால் பிடித்து இறங்க வசதியாயிருக்கும். தலைக்கவசம் அணிவது இப்போது சாலை வேலைகளில் வழக்கமாகி வருகிறது. சித்தாள் தலையில் சும்மாடு இருப்பதால் கவசம் வைக்க முடியவில்லை என்று சொல்லப்படுகிறது. உண்மைதான். அப்படியானால் அவள் சாரத்துக்கு நேர் கீழே நடக்காதபடி பாதையை மாற்றி அமைக்க வேண்டும்.

ஊர் நடுவே நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி பஞ்சாயத்தின் சொந்த வேலைத்தலம். தொட்டி இயக்குபவர் அதன் இரும்பு ஏணியில் கையில் பிளீச்சிங் பவுடர் வாளியோடு ஏறுகிறார். ஏணியைச் சுற்றி வளையக்கூடு இருக்கிறதா, அடிப்படிகள் துருவேறி இற்றுப்போயிருக்கின்றனவா என்பதைத் தலைவர் ஒருமுறை தாமே பார்த்தல் நலம். வாளியைக் கயிற்றால் மேலே இழுத்துக்கொண்டு இரு கைகளாலும் ஏணியைப் பற்றி ஏறுவதே முறை. தொட்டியின் உள்ளே தேய்த்துக் கழுவும்போது குளோரின் வாயு மூச்சை அடைக்கும். மூடியைத் திறந்து காற்றோடவிட்டு, மேலே ஒரு துணையாளை நிறுத்திய பின்பே இறங்க வேண்டும்.

பாறை துளைப்போர், கல் உடைப்போர், தரைக்கல் அறுப்போர் ஆகியோரின் நுரையீரலில் தங்கும் மணற்றூசி பல்லாண்டு கழித்துச் சிலிகோசிஸ் என்னும் நோயாக வெளிப்படுகிறது. அதற்கு மருந்து இல்லை. அறுக்கும் இடத்தில் நீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி எழாது.

திராட்சைப் பந்தலின் கீழ்

வயலும் தோட்டமும் வேலைத்தலங்களே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைக்குரிய செய்திதான். அந்தக் கொடியைத் தலைக்கு மேலே கற்றூண் பந்தலில் படரவிடுகிறோம். மருந்து அடிப்பவர் கீழே நின்று மேல்நோக்கித் தெளிக்கிறார். தெளித்ததில் ஒரு பகுதி இலையில் படிகிறது. மற்றது அவருடைய முகத்திலும் தோளிலும் மீண்டும் வந்து விழுகிறது. நெல் வயலில் தெளிப்பவனுக்கு இல்லாத ஆபத்து இது. சட்டையில்லாமல், வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு தெளிப்பவர்களைப் பள்ளத்தாக்கில் இன்றும் காணலாம். ஈரமாகிவிட்ட துண்டு மருந்தை மூக்கருகிலேயே நிறுத்தி வைக்கும் என்பதை அவர்கள் அறிவதில்லை.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை பழமையானது. தீங்கற்றது என்று பலரும் எண்ணுகின்றனர். போர்த்துகல் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் இக்கலவையைப் பல்லாண்டு தெளித்தவர்களின் நுரையீரலில் செம்பு படிந்து நோய் உண்டாகியிருப்பதை அந்நாட்டு மருத்துவர்கள் 1969இல் எடுத்துரைத்தனர். பழகிய மருந்து என்பதால் மூச்சுக்கு நல்லதாகிவிடாது.

அகன்ற விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, கையுறை, வடிகட்டி உள்ள முகமூடி ஆகியவை தெளிப்பவருக்கு வேண்டும். காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டிப் பின்னோக்கி நடந்துகொண்டே தெளித்தால் மழைபோல் விழும் துளிக்குள் தாமே நடக்க வேண்டியிராது. நண்பகல் வெயிலில் இவ்வளவும் அணிந்து வேலை செய்வது இயலாத காரியம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே விடியற்காலையிலேயே தெளிப்பை முடித்துவிடலே சிறந்தது. மருந்துக் குப்பியில் முக்கோணக் குறி ஒன்று உண்டு. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு; அடுத்தது மஞ்சள்; பிறகு நீலம்; பச்சை ஒப்பளவில் குறைந்தது. எழுத்தறியாதவரும் நிறத்தை அறிவர். தெளித்தவருக்கு வாயில் நீர் ஊறி, வியர்த்து, கண்மணி சிறுத்துப் பார்வை மங்கினால் அது வெயிலின் மயக்கமன்று. சட்டையைக் கழற்றி, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, மருந்துக் குப்பியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலாயினும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலாயினும், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மாற்று மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க முடியும்.

விடியற்காலை ஜீப்புகள்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைப்பாதைகளிலும் வைகறையில் ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன. நம் கிராமங்களிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றனர். மாலையில் களைத்துத் தூங்கிய நிலையில் இறங்குகின்றனர். கொண்டையூசி வளைவுகளில் பல வண்டிகள் கவிழ்ந்துள்ளன. தோட்டம் வேறு மாநிலத்தில் இருப்பதால் இது நம் பஞ்சாயத்தின் பொறுப்பன்று என்று சொல்வது எளிது. ஆனால் ஜீப் புறப்படுவது நம் தெருவிலிருந்து. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை எண்ணுவதற்கு எந்தச் சட்டமும் புதிதாகத் தேவையில்லை. ஓட்டுநர்கள், கங்காணிகள், பெண்கள் ஆகிய மூவரையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசி, அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு செய்துகொள்ளலாம். ஒரு நடைக்கு வாடகை குறைகிறது என்பது ஓட்டுநரின் வாதம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்தக் குறைவைத் தோட்ட உரிமையாளரிடம் கேட்டுப் பெறுவதற்குத் தனித்தனிப் பெண்ணைவிட ஊருக்கு வலிமை அதிகம்.

அலுவலகத்திலும்

நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலையில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். பஞ்சாயத்து அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், பால் சங்கம் ஆகியவற்றின் மின்கம்பிகளைப் பார்த்தாலே விடை கிடைக்கும். கணிப்பொறியும் மின்விசிறியும் மோட்டாரின் இணைப்பும் ஒரே பலகையில், சுவரில் ஈரம் கசிய, தொங்குகின்றன. மின்கசிவு நேர்ந்தவுடன் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினால் உயிர்ச்சேதம் தவிரும். பழைய கோப்புகளைக் கதவுக்குக் குறுக்கே அடுக்கி வைப்பதும் கூடாது. தீப்பிடித்தால் வெளியேற அதுதான் வழி. கடைகளில் வேலை செய்வோர் நாள் முழுதும் நின்றுகொண்டே இருந்த நிலையை மாற்றி, அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்திருத்தம் செய்தது. கம்பம், சின்னமனூர்க் கடைத்தெருக்களில் உள்ள துணிக்கடை முதலாளிகள் இதனை அறிந்திருப்பர்.

சட்டம் சொல்வதும் பஞ்சாயத்து செய்வதும்

கட்டடத் தொழிலாளருக்கென 1996ஆம் ஆண்டில் மத்திய அரசு தனிச் சட்டம் இயற்றிற்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குடிநீர், கழிப்பிடம், முதலுதவி முதலியவற்றை அது கட்டாயமாக்கியது. அது உட்படப் பல பழைய சட்டங்களை ஒன்றாகத் தொகுத்து 2020ஆம் ஆண்டில் தொழிற் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு தொழிலாளர் நலநிதியாகப் பெறப்படுகிறது. கட்டட அனுமதி கொடுக்கும்போது அதனைப் பெற்றுச் செலுத்தும் அலுவலகங்களுள் பஞ்சாயத்தும் ஒன்று. அந்த நிதியிலிருந்து உதவி வழங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இயங்கி வருகிறது. பதினெட்டு முதல் அறுபது வயது வரை உள்ள கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், வர்ணம் பூசுபவர் ஆகியோர் அதில் பதிவு செய்துகொள்ளலாம். தம் ஊரில் எத்தனை பேர் பதிவு செய்துள்ளனர், எத்தனை பேர் புதுப்பிக்காமல் விட்டனர் என்னும் பட்டியலை வார்டு அங்கத்தினர் ஒருவர் இரண்டு மாலைப் பொழுதில் எடுத்துவிடலாம்.

ஊரக வேலை உறுதிக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐவர் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண் ஆகியவை எழுதப்பெற்றன. அந்த வரிகள் எத்தனை கண்மாய்க் கரைகளில் உயிர் பெற்றன என்பதை அங்கே வேலை செய்தவர்களே சொல்வர். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சித்திரை வெயிலில் மண் சுமப்பவருக்குக் கால்மணிக்கு ஒரு குவளை நீர் வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது காலம் கடந்த செயல். வேலையை விடியற்காலையில் தொடங்கி முற்பகலிலேயே முடிப்பதற்குப் பஞ்சாயத்தே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

இறுதியாக ஒரு சிறு யோசனை. பஞ்சாயத்து அலுவலகத்தில் எத்தனையோ பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றோடு விபத்துப் பதிவேடு ஒன்றையும் வைக்கலாம். இறப்பு மட்டுமன்றி, கால் வழுக்கியது, கயிறு அறுந்தது, சுவர் வெடித்தது, மயக்கம் வந்தது என எல்லாவற்றையும் தேதியோடு அதில் குறித்து வர வேண்டும். சொன்னவர் பெயரைக் குறிப்பது கட்டாயமில்லை; சொன்னதற்காக எவருக்கும் கூலி பிடிக்கக்கூடாது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் ஒன்று மே முதல் நாள், தொழிலாளர் தினம். அன்றைய கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே என்ன செய்யப்பட்டது என்பதைத் தலைவர் அங்கேயே எழுதிக் கையொப்பமிடட்டும்.